சகலைக்குச் சொன்ன இடம்

"ஒரே ஒரு சனிக்கிழமை, டுவேன். ஒரே ஒரு சனிக்கிழமை லியோனலை உன்கூட மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போனா உன் சொத்து கரைஞ்சு போயிடுமா?"

"கரைஞ்சுடும்," என்றார் டுவேன்.

ஷெரில் கரண்டியை அடுப்பு மேடையில் ஓங்கி வைத்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். விஸ்கான்சினில் இலையுதிர்காலத்தில் எந்த ஆணும் மீன் பிடிக்கும் இடத்தைப் பற்றி விளையாட்டுக்குப் பேசமாட்டான். பெண்டாட்டியின் வயதைச் சொல்வான், வாங்கும் சம்பளத்தைச் சொல்வான், இடத்தை மட்டும் சொல்லமாட்டான்.

லியோனல் என்பவன் ஷெரிலின் தங்கை டெப்ராவின் புதுக் கணவன். அதாவது டுவேனுக்குச் சகலை. மில்வாக்கி நகரத்தில் வீடு வீடாகப் போய்ப் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது அவன் தொழில். "இந்த சீசன் முழுக்க உங்க ஊர்லதான் இருக்கப்போறோம், இங்கேயும் பன்னிரண்டு வீட்ல பியானோ இருக்காம்" என்று இருவரும் ஏரிக்கரையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்கள். வேட்டை உடுப்பெல்லாம் கடையிலிருந்து நேராக உடம்பில் ஏறியது. தொப்பியில் விலைச்சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பேச்சுக்குப் பேச்சு "நன்றி அண்ணே" என்பான். அதைக் கேட்டாலே டுவேனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டுவேனின் இடம் ஆர்னால்ட் பெக்கரின் பால்பண்ணைக்குப் பின்னால் இருந்தது. அங்கே ஆறு முழங்கை போல மடங்கும். மடிப்பில் ஆழம். ஆழத்தில் ஆள் உயர மஸ்கி மீன்கள். அங்கே ஒரு தட்டைப் படகைக் கவிழ்த்து இலைகளால் மூடி வைத்திருந்தார். கரைமேட்டில் ஓக் மரங்கள், அதில் ஒன்றில் மான் வேட்டைக்காக அவர் தன் கையால் கட்டிய பரண். காகித ஆலையில் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறில் வண்டியைக் கல்லறைத் தோட்டத்தருகே நிறுத்தி, யாரோ செத்தவருக்கு மலர் வைக்கப் போவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு நடந்து போவார். மான் நடமாட்டத்தைப் படமெடுக்கும் கேமராகூட மரத்தில் கட்டவில்லை. கட்டினால் அடிக்கடி பாட்டரி மாற்றப் போகவேண்டும், போகிறவனை நாலு பேர் பார்ப்பார்கள். பதினொரு வருஷமாக அந்த இடம் தெரிந்த ஒரே ஆள் ஆர்னால்ட். அவரோ தன் மாடுகளிடம்கூட அளந்துதான் பேசுவார்.

அந்த ஓக் மேட்டில்தான் கோணல் இருந்தது. இடது கொம்பு கண்ணுக்கு மேல் கீழ்நோக்கி வளைந்த பெரிய கலைமான். மூன்று வருஷமாக டுவேன் அதைப் பார்க்கிறார். இரண்டு முறை தப்பவிட்டார்: ஒருமுறை தும்மல் வந்தது, ஒருமுறை குளிரில் துப்பாக்கி உறைந்தது.

மார்ஜ் நடத்தும் பாரில் கல்லாவுக்கு மேலே ஒரு பலகை உண்டு. அந்தந்த வருஷத்தின் பெரிய மானை வீழ்த்தியவர் பெயரைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அதில் சுடுவார்கள். டுவேனின் அப்பா பெயர் ஒன்பது முறை. தம்பி பெயர் இரண்டு முறை. பல் டாக்டரின் மனைவி பெயர்கூட ஒரு முறை. டுவேன் நாற்பத்தோரு சீசன் வேட்டையாடியிருக்கிறார், ஒரு எழுத்துகூட இல்லை. ஐம்பத்தேழு வயதில் அவருக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது. கோணலை அடிக்கவேண்டும், அந்தப் பலகையில் தன் பெயர் கருகவேண்டும்.

இந்த நிலையில்தான் சகலை சமையலறைக்குள் வந்தான்.

"அண்ணே, உங்களைத் தொந்தரவு பண்ணமாட்டேன். எங்க போகலாம்னு மட்டும் சொல்லுங்க, நானே போயிக்கிறேன்."

ஷெரில் முறைத்தாள். டுவேன் தொண்டையைச் செருமினார்.

"பழைய ஆலை அணை தெரியுமா? அங்க மூணாவது தூணுக்குப் பின்னால தூண்டிலைப் போடு."

அந்த அணையில் பத்து வருஷத்தில் மாட்டியது துருப்பிடித்த ஒரு சைக்கிளும், தபால்காரர் ராண்டி தவறவிட்ட மூக்குக்கண்ணாடியும்தான்.

"இன்னொண்ணு கேட்டுக்கோ. யாராவது 'எங்க பிடிச்சே'ன்னு கேட்டா, 'மீனோட வாயில பிடிச்சேன்'னு சொல்லணும். உண்மையான இடத்தைப் பெத்த தாய்கிட்டகூடச் சொல்லக் கூடாது. புரியுதா?"

"புரிஞ்சுதுண்ணே. ரொம்ப நன்றி."

டுவேன் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மார்ஜ் பாரில் மீன் வறுவல். ஊரே அங்கே. லியோனல் உள்ளே வந்து கைப்பேசியை நீட்டினான். படத்தில் நாற்பத்தாறு அங்குல மஸ்கி, அதன் பக்கத்தில் அவன் பல். மீனும் முகமும் மட்டும்தான் இருந்தன. கரை, மரம், வானம் எதுவும் இல்லை. கத்துக்குட்டி எடுத்த படம் அப்படித்தான் இருக்கும்.

"மீன் எங்கே?" என்றார் ராண்டி.

"பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

டுவேனின் வாயில் இருந்த உருளைக்கிழங்கு அப்படியே நின்றது. நாற்பத்தாறு அங்குலம். பாவமாம். விட்டுவிட்டானாம்.

"எங்கய்யா பிடிச்சே?" என்று ராண்டியே மறுபடி கேட்டார்.

"பழைய ஆலை அணை, மூணாவது தூணுக்குப் பின்னால! எங்க டுவேன் அண்ணன் சொன்ன இடம்!"

பாரே திரும்பி டுவேனைப் பார்த்தது. ஒருவன் சகலைக்கு உண்மையான இடத்தைச் சொல்வதா? ராண்டி எழுந்து வந்து டுவேனின் முதுகில் தட்டினார். "உனக்கு இவ்வளவு நல்ல மனசுன்னு இத்தனை நாளாத் தெரியாம போச்சேடா."

டுவேன் சகலையை ஓரமாக இழுத்தார். "சொல்லக் கூடாதுன்னு சொன்னேன்ல? வாயிலன்னு சொல்லச் சொன்னேன்ல?"

"உங்க பெருந்தன்மையை மறைக்க எனக்கு மனசு வரலண்ணே," என்றான் லியோனல்.

சனிக்கிழமை விடியும்போது அணையில் இருபத்திரண்டு வண்டிகள். டுவேனும் போயிருந்தார். பதினொரு வருஷத்தில் முதல்முறையாகத் தன் ஆற்று மடிப்புக்குப் போகாமல், தானே சொன்ன பொய்யில் தூண்டில் போடுவதற்காக முண்டியடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது தூணுக்குப் பின்னால் ஒன்பது பேருடைய நூல் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டது. அவர் அப்பா மரத்தில் மீன் போலச் செதுக்கிய தூண்டில் இரையை யாரோ ஒருவன் அறுத்துத் தண்ணீரில் விட்டான். மதியம் வரை ஒருவருக்கும் ஒரு செதில்கூடக் கிடைக்கவில்லை.

"சகலைக்கு மட்டும் சரியான ஆழத்தைச் சொல்லிட்டு எங்களுக்கு மறைச்சுட்டான்," என்றார் ராண்டி. "நல்லா இருடா. நல்லா இரு."

இது எந்த ஊர் நியாயம்? கொடுக்காததைக் கொடுத்தான் என்று கொண்டாடினார்கள், கொடுக்காததை மறைத்தான் என்று திட்டினார்கள். டுவேன் வீட்டுக்கு வந்து நாய்த் தட்டை எட்டி உதைத்தார். நாய்கூட அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

அக்டோபரில் சகலை மான் வேட்டைக்கு ஒரு வில் வாங்கினான்.

"அண்ணே, மானுக்கு எங்க உட்காரலாம்?"

"அவர் எவ்வளவு மரியாதையாக் கேக்குறார் பாரு," என்றாள் ஷெரில்.

டுவேன் இந்தமுறை நன்றாக யோசித்தார். மான் வரவே முடியாத இடமாக இருக்கவேண்டும். "குப்பைமேடு. ஊர்க்குப்பை கொட்டுற இடம் இருக்குல்ல, அதோட தெற்கு ஓரம். நாத்தமா இருக்கும். ஆனா மானுக்கு அந்த நாத்தம் பிடிக்கும்."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அங்கே கரடியும் காக்கையும்தான் வரும்.

பன்னிரண்டாம் நாள், டெப்ராவின் வண்டியின் பின்பகுதியில் எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு மான் கிடந்தது. ஒரே அம்பு. லியோனல் பார் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினான்.

"குப்பைமேடு, தெற்கு ஓரம்! எல்லாப் புகழும் டுவேன் அண்ணனுக்கே!"

மார்ஜ் ஓடிவந்து டுவேனைக் கட்டிக்கொண்டாள். டுவேன் பல்லைக் கடித்ததில் கடைவாயில் அடைத்திருந்த வெள்ளி கழன்று வந்துவிட்டது. பல் டாக்டர் வீட்டுக்குப் போனால் அங்கே அவர் மனைவி, "டுவேன், எனக்கும் ஒரு நல்ல இடம் சொல்லேன், நீதான் எல்லாருக்கும் சொல்றியாமே," என்றாள்.

இதற்கிடையில் அவருடைய சொந்தப் பரணில் என்னமோ ஆகியிருந்தது. சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு குட்டிகூட எட்டிப் பார்க்கவில்லை. ஓக் கொட்டைகள் தரையில் அப்படியே கிடந்தன. கோணலின் குளம்புத் தடம் மட்டும் புதிதாக இருந்தது, கோணலைக் காணோம். பதினொரு வருஷமாக ஏறும்போதெல்லாம் கீச்சென்று கத்தும் ஏணியின் மூன்றாவது படிகூட இந்த வருஷம் சத்தம் போடவில்லை. ஈரத்தில் மரம் உப்பியிருக்கும் என்று டுவேன் நினைத்துக்கொண்டார். அவருக்கு இருந்த கோபத்தில் படியைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

மூன்றாவது வாரம் பரணில் உட்கார்ந்து மூக்கில் நீர் ஒழுக யோசித்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். மான்கள் இடம் மாறிவிட்டன. தான் வாய்க்கு வந்தபடி சொன்ன பொய், தற்செயலாக உண்மையாகிவிட்டது. கோணலும் ராத்திரியில் மட்டும் இங்கே எட்டிப் பார்த்துவிட்டுப் பகலில் குப்பைக்குப் போய்விடுகிறது. சகலை அதைத்தான் அடுத்து அடிக்கப்போகிறான்.

"என் மானை! அந்தப் பியானோக்காரன்! என் மானை!" என்று அவர் மரத்தை முஷ்டியால் குத்தினார். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

நவம்பரில் துப்பாக்கி சீசன். ஒன்பதே நாள். டுவேன் ஆலையில் ஒன்பது நாளும் விடுப்பு எடுத்தார். ஆர்னால்டின் பண்ணைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. முதல் சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய்க் குப்பைமேட்டின் தெற்கு ஓரத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது புலரப்புலர ஒவ்வொரு புதருக்குப் பின்னாலும் வேட்டைக்காரர் போடும் ஓர் ஆரஞ்சுச் சட்டை தெரிந்தது. எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு பேர். எல்லாம் சகலை பண்ணிய விளம்பரம். சகலையை மட்டும் காணோம்.

"நகரத்துக்காரன் தூங்குறான்," என்று டுவேன் சந்தோஷப்பட்டார்.

பனிமூட்டத்துக்குள் எண்பதடி தூரத்தில் அது நின்றது. தலை நிமிர்ந்து, பக்கவாட்டில், பெரிய கொம்போடு. டுவேன் துப்பாக்கியைத் தூக்கினார். குறி பார்த்துச் சுட்டார். அது அசையவில்லை. மறுபடியும் சுட்டார். அசையவில்லை. என்ன நெஞ்சழுத்தம் இந்த மிருகத்துக்கு என்று கொதித்துப்போய் மூன்றாவது முறையும் சுட்டார். அப்போதும் அது அவரைப் பார்த்துக்கொண்டே நின்றது.

மூட்டம் விலகியது. பக்கத்துப் புதரிலிருந்து ராண்டியின் குரல் வந்தது.

"டேய் டுவேன்! அது ஓல்சன் வீட்டுத் தோட்டத்துல நின்ன பிளாஸ்டிக் மான்டா! போன வாரம்தான் தூக்கிப் போட்டாங்க!"

பன்னிரண்டு ஆரஞ்சுச் சட்டைகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டன.

மானைச் சுட்டுத் தவறவிட்டவனின் சட்டை வாலை வெட்டி, பெயரெழுதி, பார் சுவரில் ஆணியடிப்பது ஊர் வழக்கம். அன்று சாயங்காலம் மார்ஜ் கத்தரிக்கோலோடு வந்தாள்.

"பிளாஸ்டிக்கை எப்படிக் கணக்குல சேப்பீங்க? அதுவும் நான் குறி தப்பல, பட்டுச்சு!" என்று டுவேன் கத்தினார்.

"நான் போய்ப் பாத்தேன். மூணு குண்டு, ஒரே ஓட்டை," என்றார் ராண்டி. "நின்ன எடத்துலயே நின்ன பிளாஸ்டிக்கை ரெண்டு தடவை தப்பவிட்டிருக்கான். முன்வால் ஒண்ணு, பின்வால் ஒண்ணு. ரெண்டையும் வெட்டு மார்ஜ்."

ஷெரில் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த சிவப்புக் கட்டம்போட்ட கம்பளிச் சட்டை. வெட்டிய பிறகு அது தொப்புளுக்கு மேலே நின்றது. நாற்பத்தோரு வருஷமாக அவர் பெயர் ஏறாத அந்தப் பாரில், முதல்முறையாக அவர் பெயர் ஏறியது. சுவரில், இரண்டு தடவை. டுவேன் வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி முடித்தார். முடிந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை நன்றி சொல்லும் பண்டிகை. ஷெரில் வான்கோழியை மேசையில் வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் எதற்கு நன்றி சொல்கிறோம் என்று சொல்லவேண்டும் என்றாள். லியோனல் கண்ணை மூடிக்கொண்டான்.

"நான் என் சகலைக்கு நன்றி சொல்றேன். தன் இடத்தை அடுத்தவனுக்கு விட்டுக்குடுக்க எவ்வளவு பெரிய மனசு வேணும்! கூடப் பிறந்தவன்கூடச் செய்யமாட்டான்."

டெப்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஷெரில் டுவேனின் கையைப் பிடித்தாள். டுவேன் வான்கோழியின் காலைப் பிய்த்த வேகத்தில் குழம்புக்கிண்ணம் கவிழ்ந்தது.

"உன் முறை," என்றாள் ஷெரில்.

"நன்றி," என்றார் டுவேன், எலும்பைக் கடித்தபடி.

மீதி நாட்களையும் குப்பைமேட்டிலேயே கழித்தார். காலுறையில் கோழி எலும்பு நாற்றம். தொப்பியில் கடல்காக்கைகளின் காணிக்கை. புதர்க்காரர்கள் ஒவ்வொருவராக அலுத்துப்போய் வீட்டுக்குப் போனார்கள், அவர் போகவில்லை. கோணல் வரும். வந்தாகவேண்டும். எட்டாம் நாள் ஒரு கரடி வந்து அவருடைய சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனது. அவர் அதைப் பார்த்துக் கத்திய கத்தில் அதுவே கொஞ்சம் தயங்கியது.

ஒன்பதாம் நாள், ஞாயிறு, சூரியன் சாயும் நேரம். வெறுங்கையோடு மார்ஜ் பாருக்கு வண்டியை ஓட்டினார். வாசலில் கூட்டம். மான்களைத் தொங்கவிடும் கட்டைக்கு அடியில் நின்று எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோணல் தொங்கியது.

இடது கொம்பு கண்ணுக்கு மேலே வளைந்து, பன்னிரண்டு கிளைகளோடு. மூன்று வருஷம் அவர் கனவில் வந்த அதே கொம்பு. டுவேன் அதையே அண்ணாந்து பார்த்தார். கோபம்கூட ஒரு நிமிஷம் வரவில்லை, கண்தான் கரித்தது. அந்தப் பக்கம் லியோனல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். விலைச்சீட்டு இன்னும் ஆடியது.

"குப்பைமேடு," என்றான். "இன்னிக்கு மத்தியானம். அண்ணன் கொஞ்சம் கண்ணசந்திருந்தார், எழுப்ப மனசு வரல."

மார்ஜ் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டு வந்தாள். "லியோனல் பேரை மேல சுடுறேன். கீழே சின்னதா 'இடம் சொன்னவர் டுவேன்'னு போட்டுடலாம். என்ன சொல்றீங்க?"

எல்லாரும் கைதட்டினார்கள்.

அப்போதுதான் டுவேனுக்குள் செப்டம்பரிலிருந்து கொதித்தது பொங்கி வழிந்தது.

"நிறுத்துங்க! போதும்! நான் பொய் சொன்னேன்! அந்த அணையில ஒரு புழுகூடக் கிடையாது, தெரிஞ்சேதான் அனுப்பினேன்! குப்பைமேட்டுல மானே வராது, அதுவும் தெரிஞ்சேதான் அனுப்பினேன்! இவன் அங்க உட்கார்ந்து நாறிச் சாகட்டும்னு அனுப்பினேன்! எனக்குப் பெருந்தன்மையும் கிடையாது, ஒரு மண்ணாங்கட்டியும் கிடையாது! ஒன்பது நாள் அங்க கிடந்தேன், ஒரு நிமிஷம் கண்ணசரல! இந்த மான் எப்படிடா அங்க வந்துச்சு? சொல்லுடா! எப்படி வந்துச்சு?"

அரைச் சட்டையும் அழுக்குத் தொப்புளுமாக அவர் மூச்சிரைத்து நின்றார். லியோனல் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஆர்னால்ட் பெக்கர் மெதுவாக முன்னால் வந்தார். மானின் வளைந்த கொம்பை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, மாடுகளிடம்கூட அளந்து பேசும் அந்த மனுஷர், டுவேனைப் பார்த்து உண்மையான கவலையோடு கேட்டார்.

"அது கிடக்கட்டும் டுவேன், செப்டம்பர்ல எங்க வீட்டுப் பியானோவைச் சரிபண்ண வந்த உன் சகலைகிட்ட 'என் பரணு, படகு எல்லாத்தையும் நீயே வச்சுக்கோ'ன்னு சொல்லிட்டியாமே, வாரநாள் பூரா, இந்த ஒன்பது நாளும் அவரு எங்க ஆத்தங்கரையிலயே இருக்கும்போது நீ எதுக்குப்பா போயும் போயும் அந்தக் குப்பையில கிடந்தே?"